அயல் வடிவமும் உள்ளூர்ப் பட்டறையும்: ஆவடி டாங்கிகள், பெரம்பூர்ப் பெட்டிகள் – ஓர் ஒப்பீட்டு வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியத் தரைப்படைக்கான போர் டாங்கி உள்நாட்டினதாக இருக்கவேண்டுமா, அயல்நாட்டினதாக இருக்கவேண்டுமா என்னும் வினா ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. அவ்வினாவை ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையின் வரலாற்றின்வழி இக்கட்டுரை அணுகுகிறது. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, திருவொற்றியூர் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஆகியவற்றின் பட்டறிவு ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஓரிடத்தில் உற்பத்தி செய்யும் திறனும் அப்பொருளை வடிவமைக்கும் திறனும் வெவ்வேறானவை என்பதும், பின்னது வளர்வதற்குத் தொடர்ச்சியான ஆணைகள் இன்றியமையாதவை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: ஆவடி, பெரம்பூர், விஜயந்தா, அர்ஜுன், டி-90, உரிம உற்பத்தி, வடிவமைப்புத் திறன்.

முன்னுரை

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் இரயில் பாதையில் பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் என்று நிலையங்களின் பெயர்களே தொழில் வரலாற்றைச் சொல்லுகின்றன. அதே பாதையில் வில்லிவாக்கம், அம்பத்தூர் ஆகியவற்றைக் கடந்தால் ஆவடி வரும். ஒரு முனையில் இரயில் பெட்டியும் மறுமுனையில் போர் டாங்கியும் உருவாகின்றன. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் ஆய்வுகள் தமிழில் அரிதாகவே காணப்படுகின்றன. டாங்கி பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் படைத்துறை வல்லுநர்களால் நிகழ்த்தப்படுகின்றன. அவற்றில் குண்டின் விட்டம், இயந்திரத்தின் குதிரைத்திறன், கவசத்தின் தடிமன் முதலியன பேசப்படும் அளவிற்குத் தொழிற்சாலை பேசப்படுவதில்லை. அக்குறையை ஓரளவு நிறைவுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடசென்னையின் பொது முறைமை

விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் எழுந்த பெருந்தொழிற்சாலைகள் பலவும் ஒரே முறைமையைப் பின்பற்றின. அயல்நாட்டு வடிவமைப்பை ஒப்பந்தத்தின்வழிப் பெறுதல், முதலில் உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பொருத்துதல், பின்னர்ப் படிப்படியாக அவற்றை இங்கேயே செய்துகொள்ளுதல் என்பன அதன் மூன்று படிநிலைகள்.

திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் 1955இல் புல்லட் மோட்டார் சைக்கிளைப் பொருத்தத் தொடங்கியது. இதற்குத் தூண்டுகோலாக அமைந்ததும் இந்திய இராணுவத்தின் கொள்முதலே ஆகும். சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் இங்கிலாந்திலிருந்து வாங்கப்பட்டன. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்த பின்னும் அதன் வண்டி வடசென்னையில் தொடர்ந்து உருவானது. எண்ணூரில் அசோக் லேலண்ட் நிறுவனமும் இதே காலத்தில் இத்தகைய பாதையிலேயே நடந்தது.

பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலைக்கான ஒப்பந்தம் 1949இல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றுடன் செய்யப்பட்டது. 1955 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு தொழிற்சாலையைத் தொடங்கிவைத்தார். அவ்வாண்டு சனவரியில்தான் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்திருந்தது. அரசே பெருந்தொழில்களை நடத்தும் கொள்கை அறிவிக்கப்பட்ட ஊரும், அக்கொள்கை உருப்பெற்ற ஊர்களுள் ஒன்றும் ஒரே இரயில் பாதையில் அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

விஜயந்தா: உரிம உற்பத்தியின் காலம்

1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் இந்திய அரசு டாங்கி உற்பத்திக்கான உடன்பாட்டைச் செய்துகொண்டது. இது சீனப் போருக்கு முந்தையது என்பதை மனங்கொள்ளவேண்டும். தொடக்க வண்டிகள் இங்கிலாந்தில் கட்டப்பட்டன. ஆவடியில் உருவான முதல் விஜயந்தா 1965 டிசம்பரில் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே பாகிஸ்தானுடனான போர் முடிந்துவிட்டது. அசல் உத்தர் களத்தில் பாட்டன் டாங்கிகளை எதிர்கொண்ட இந்தியப் படையிடம் இருந்தவை செஞ்சுரியன், ஷெர்மன் போன்ற இறக்குமதி வண்டிகளே. போரின் நாள்காட்டியும் தொழிற்சாலையின் நாள்காட்டியும் ஒன்றாக ஓடுவதில்லை என்னும் உண்மை ஆவடியின் வரலாற்றில் முதல் ஆண்டிலேயே வெளிப்பட்டுவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பச் சோவியத் ஒன்றியத்திலிருந்து டி-54, டி-55 டாங்கிகள் வாங்கப்பட்டன.

105 மி.மீ. பீரங்கியுடன் ஏறத்தாழ 39 டன் எடை கொண்ட விஜயந்தா, 1980கள் வரை ஏறக்குறைய 2,200 வண்டிகள் அளவிற்கு உற்பத்தி செய்யப்பட்டது. பெயரால் இந்தியத் தன்மையும் உற்பத்தியால் தமிழகத் தொழிலாளரின் உழைப்பும் பெற்ற அந்த டாங்கி, வடிவமைப்பால் ஆங்கிலேயருடையது. அதற்கு அடுத்த தலைமுறை டாங்கியை ஆவடி தானாக உருவாக்கிக்கொள்ளவில்லை. சோவியத்தின் டி-72 வந்தது. அதுவும் ‘அஜேயா’ என்னும் பெயரில் ஆவடியில் உரிம உற்பத்திக்கு உள்ளானது.

அர்ஜுன்: வடிவமைப்பின் விலை

உள்நாட்டிலேயே டாங்கியை வடிவமைக்கும் திட்டத்திற்கு 1974இல் அரசு ஒப்புதல் அளித்தது. பொறுப்பு ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்தது. தொடக்கத்தில் ஏறத்தாழ 40 டன் அளவில் எண்ணப்பட்ட வண்டி, படையின் தேவைக் குறிப்புகள் மாறியதற்கேற்ப 58.5 டன் எடையும் 120 மி.மீ. பீரங்கியும் கொண்டதாக வளர்ந்தது. கவசம் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘காஞ்சன்’. ஆனால் 1,400 குதிரைத்திறன் இயந்திரமும் பல்சக்கர அமைப்பும் செருமனியிலிருந்து வந்தன. உள்நாட்டு இயந்திரத்திற்கான தொடக்கக்கால முயற்சி கைகூடாமையே இதற்குக் காரணம்.

இத்திட்டம் நீண்டுகொண்டிருந்தபோது எல்லையில் நிலைமை மாறியது. பாகிஸ்தான் உக்ரைனிடமிருந்து 320 டி-80யூடி டாங்கிகளை 1990களின் பிற்பகுதியில் வாங்கியது. 1999இல் கார்கில் போர் மூண்டது. 2000ஆம் ஆண்டில் 124 அர்ஜுன் டாங்கிகளுக்கு ஆணை வழங்கிய இந்தியா, 2001 பிப்ரவரியில் இரஷ்யாவிடமிருந்து 310 டி-90 டாங்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் 124 முழுமையாகவும் 186 ஆவடியில் பொருத்தப்படுவதற்காகவும் வரவேண்டும். முதல் அர்ஜுன்கள் 2004 ஆகஸ்டில் படைக்கு வழங்கப்பட்டன. உரிமத்தின்கீழ் ஆவடியில் உருவான டி-90 2009இல் வெளிவந்தது.

இவ்விரண்டும் வெவ்வேறு போர்க்கோட்பாடுகளின் படைப்புகள். டி-90 ஏறத்தாழ 46 டன் எடையுடையது; குண்டினைத் தானாக நிரப்பும் பொறி இருப்பதால் மூவர் போதும். அர்ஜுனில் நால்வர், உள்ளிடம் விரிவானது. ஆயினும் அதன் எடையும் அகலமும் பாலங்களையும் இரயில் வேகன்களையும் பற்றிய கவலையைத் தோற்றுவித்தன. போர்க்களத்தில் இயந்திரம் நின்றுபோனால் உயிரிழப்பவர் வண்டிக்குள் இருக்கும் வீரரே. ஆகவே மெய்ப்பிக்கப்பட்ட வண்டியைக் கேட்ட படைத்துறையின் தயக்கத்தை வெறும் அயல்மோகம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

2010 மார்ச்சில் இராசஸ்தானில் இரு டாங்கிகளும் ஒப்பீட்டுச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. மே மாதம் மேலும் 124 அர்ஜுன்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அது மேம்படுத்தப்பட்ட வடிவத்திற்கான நீண்ட தேடலாக மாறியது. 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பிலான ஆணை ஆவடித் தொழிற்சாலைக்கு 2021 செப்டம்பரில்தான் வழங்கப்பட்டது. இடையில் பதினோரு ஆண்டுகள் கடந்திருந்தன.

பெரம்பூர் கற்பிக்கும் பாடம்

மேற்கண்ட எண்களை அருகருகே வைத்து நோக்கினால் விவாதத்தின் மையம் இடம்மாறுகிறது. டி-90 ஆயிரத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திட்டமிடப்பட்டது. அர்ஜுனுக்கு இருமுறையாகக் கிடைத்தவை 242. நூற்றுச்சொச்சம் வண்டிகளுக்காக ஓர் உதிரிபாகத்தை உள்நாட்டில் செய்ய எந்தச் சிறுதொழில் முனைவோரும் அச்சும் கருவியும் அமைக்கத் துணியார். எனவே அப்பாகம் மீண்டும் இறக்குமதியாகிறது. இறக்குமதி மிகுந்துள்ளது என்பதே வண்டியின் குறையாகவும் சுட்டப்படுகிறது. ஆணை குறைவதால் உள்நாட்டுத்தன்மை குறைகிறது. உள்நாட்டுத்தன்மை குறைவதால் ஆணையும் குறைகிறது.

பெரம்பூரில் இச்சுழல் ஏற்படவில்லை. பெட்டியைச் செய்பவரும் வாங்குபவரும் இரயில்வேயே. ஆணை ஆண்டுதோறும் வந்தது. அதனால் சுவிஸ் வடிவமைப்பின் உதிரிபாகங்கள் விரைவில் உள்நாட்டு மயமாயின.

எனினும் பெரம்பூரை எளிய வெற்றிக்கதையாகக் கொள்ளவும் இயலாது. உற்பத்தித் திறன் பெருகிய அளவிற்கு அங்கு அடிப்படை வடிவமைப்பு மாறவில்லை. 1950களின் பெட்டி வகை 2018 சனவரி வரை உருவானது. அதன் இடத்தைப் பிடித்த எல்.எச்.பி. பெட்டியும் செருமானிய வடிவமைப்பே. விஜயந்தாவிற்குப் பின் டி-72 வந்ததற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. அதே 2018இல் அக்டோபரில் ‘டிரெயின் 18’ பெரம்பூரிலிருந்து வெளிவந்தது. பின்னர் ‘வந்தே பாரத்’ எனப் பெயர்பெற்ற அத்தொடர்வண்டியை உள்ளூர்ப் பொறியாளர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளில் உருவாக்கினர். அறுபது ஆண்டுக்கால உற்பத்தி அறிவு அவர்களுக்குப் பின்னின்றது. அத்தொடரின் சில பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவையே. ஆயினும் எதை வாங்குவது, எதைச் செய்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை வடிவமைத்தவரிடம் இருந்தது.

இவ்வுரிமையே உள்நாட்டுத்தன்மையின் தக்க அளவுகோல் என்று இக்கட்டுரை கருதுகிறது. ஆவடியின் தளத்தில் டி-90ஐப் பொருத்தும் தொழிலாளியும் அர்ஜுனைப் பொருத்தும் தொழிலாளியும் ஒரே ஊரினர். உழைப்பின் அளவில் இரண்டும் உள்நாட்டினவே. வேறுபாடு, மாற்றம் தேவைப்படும்போது யாரிடம் இசைவு கேட்கவேண்டும் என்பதில் உள்ளது. அர்ஜுன் மார்க்-1ஏ 72 மேம்பாடுகளைப் பெற்றமை வடிவமைப்பாளர் ஆவடியிலேயே இருந்ததால் கூடிற்று.

முடிவுரை

உள்நாட்டு டாங்கியா, அயல்நாட்டு டாங்கியா என்னும் இருமை, ஆவடியின் வரலாற்றைச் சரிவர விளக்கவில்லை. உடனடி அச்சுறுத்தலுக்கு இறக்குமதி விடையளித்தது. வேலைவாய்ப்பிற்கும் பராமரிப்பிற்கும் உரிம உற்பத்தி விடையளித்தது. வடிவமைப்புத் திறனுக்கு அர்ஜுன் ஒன்றே விடையளித்தது. முதலிரண்டிற்கும் தொடர்ச்சியான ஆணைகள் கிடைத்தன. மூன்றாவதற்கு விட்டுவிட்டே கிடைத்தன. 2024 மார்ச்சில் மைசூரில் 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு டாங்கி இயந்திரம் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. அர்ஜுன் திட்டத்தின் தொடக்கத்தில் விடப்பட்ட கண்ணி அரைநூற்றாண்டு கழித்து மீண்டும் கையிலெடுக்கப்பட்டுள்ளது. அவ்வியந்திரம் எத்தனை வண்டிகளில் பொருத்தப்படப்போகிறது, அதற்கான ஆணை ஆண்டுதோறும் வருமா என்பனவே இனி கேட்கப்படவேண்டிய வினாக்கள். அவற்றை எழுப்புவதற்கு வடசென்னைத் தொழிற்சாலைகளின் வரலாறு போதிய சான்றுகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. தொழிலாளரின் வாய்மொழி வரலாறுகளும் இவற்றுடன் தொகுக்கப்படின் இவ்வாய்வு மேலும் விரிவுபெறும்.