தெம்பெலிங் ஆற்றுக்குத் தூண்டிலோடு



பெற்றோர் சிலர் அண்மையில் ஒரு வேண்டுகோளோடு என்னிடம் வந்தனர். பிள்ளைகளைத் தொலைவான காட்டாறு ஒன்றுக்கு மீன்பிடிக்க அழைத்துச் செல்ல வேண்டும். செலவோ கையைக் கடிக்கக் கூடாது. பகாங் மாநிலத்துக் கோலா தஹானை நான் பரிந்துரைத்தேன். எப்படிப் போவது என்று கேட்டார்கள். இரயிலில் என்றேன். பேருந்து எளிதாயிற்றே என்றார் ஒருவர். உண்மைதான். கோலாலம்பூரிலிருந்து செல்வோர் கிம்மாஸில் இறங்கி, தும்பாட் செல்லும் இரயிலுக்கு மாறி, ஜெராண்டுட் சேர வேண்டும். சுற்றுவழிதான்; ஆயினும் அந்தத் தண்டவாளத்திற்கு ஒரு கதை உண்டு. அதைச் சொன்ன பிறகு எவரும் பேருந்தைப் பற்றிப் பேசவில்லை.

கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இக்கிழக்குக்கரைப் பாதை, காட்டையும் குன்றையும் ஊடுருவி 1931ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. மலாயா இரயில்வேயில் கல் சுமந்தும் கட்டை பதித்தும் உழைத்தவர்களுள் தென்னிந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினர் என்பதை நாம் அறிவோம். அவ்வாறு உருவான பாதை பதினோர் ஆண்டுகூட நிம்மதியாக ஓடவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாரு கரையில் இறங்கியது. பின்னர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில்பாதை ஒன்றை ஜப்பானியர் அமைக்கத் தொடங்கியபோது, அதற்குத் தண்டவாளம் தேவைப்பட்டது. மெந்தகாப் முதல் கோலா கிராய் வரையிலான பகுதியில் இருந்த இரும்பைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். ஜெராண்டுட் நிலையமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இரும்போடு மனிதரும் போயினர். தோட்டங்களிலிருந்து திரட்டப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். சயாம் மரண இரயில்பாதை 1943 அக்டோபரில் முடிவுற்றது. அதற்குள் நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் இழப்பு அதைப்போல் பன்மடங்கு. அவர்களுக்கு முறையான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. என் தாத்தாவின் தம்பி அவர்களுள் ஒருவர். திரும்பி வரவில்லை. எந்த முகாமில் இருந்தார், எந்நோயில் மறைந்தார் என்பது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. அவருக்குத் திதி கொடுக்க நாள் இல்லாததால், பாட்டி ஆடி அமாவாசையில் அவருக்கும் சேர்த்து இலை போடுவார்.

போர் முடிந்த பிறகும் பாதை உடனே சீராகவில்லை. முழுவழியும் மீண்டும் இணைய 1953 ஆயிற்று. 2014 டிசம்பர் பெருவெள்ளம் கெமுபு பாலத்தை அடித்துச் சென்றது. புதிய பாலம் 2018இல் வந்தது.

இனிப் பயணக் கணக்கு. கோலா தெம்பெலிங் துறையிலிருந்து நீள்படகில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆற்றுவழி. சாலையும் உண்டு, அது மலிவு. ஆகவே போகும்போது படகு, திரும்பும்போது வேன் என்று வைத்துக்கொள்ளலாம். தங்குவதற்கு ஆற்றின் இக்கரைக் கிராமத்து விடுதிகளே போதும். அக்கரையில் பூங்காவை ஒட்டிய விடுதிக்கு வாடகை மிகுதி. அரிசி, கருவாடு, மிளகாய்த்தூள் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நலம். (தூண்டிலை நம்பிச் சோறு வடிக்கலாகாது என்பதை நான் பட்டறிந்தவன்.)

அக்கரைக் காடு 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவாயிற்று. வேட்டைத் துப்பாக்கியைக் கீழே வைத்த தியோடர் ஹப்பேக் என்பவரின் இடைவிடாத முயற்சி அதற்குக் காரணம். விடுதலைக்குப் பின் அதன் பெயர் தாமான் நெகாரா. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். அதன் ஆறுகளில் புகழ் பெற்றது கெலா மீன். கரையோர மரங்களிலிருந்து உதிரும் பழங்களைத் தின்று வளர்வது. அதனால்தான் நம் தோட்டத்துச் செம்பனைப் பழத்தையே அதற்கு இரையாகக் கோக்கின்றனர். பூங்காவிற்குள் தூண்டில் போட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். லுபோக் தெனோரில் கெலாவுக்கு இரை கொடுக்கலாம், பிடிக்கக் கூடாது.

நவம்பர் முதல் மழைக்காலம், ஆறு பெருகிவிடும். எனவே ஆண்டின் நடுவில் வரும் விடுமுறையைத் தேர்ந்திருக்கிறோம். இதுவரை பதினொருவர் பெயர் கொடுத்துள்ளனர். என் தந்தையாருக்கு எண்பதாகிறது. நெடும்பயணம் ஒத்துக்கொள்ளாது என்றேன். "அந்த இரயிலென்றால் நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு இருக்கைகளாக முன்பதிவு செய்யப் போகிறேன்.