கோப்பில் இல்லாத காரணம்

மேல்கோட்டையில் என் பாட்டி, மார்பில் கண்ட கட்டியை ஏறக்குறைய ஓராண்டு எவரிடமும் சொல்லவில்லை. "வைரமுடி ஆகட்டும்னு இருந்தேன்" என்றார் பின்னர். மருத்துவமனைக் கோப்பில் இக்காரணம் இல்லை; நோய் மூன்றாம் நிலை என்ற குறிப்பு மட்டுமே உண்டு. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்த விடுபட்ட வரி என் முன் வந்து நிற்கிறது.

தென்னிந்தியாவில் இவ்வரலாறு ஒரு குடும்பத்தின் துயரிலிருந்து தொடங்குகிறது. 1923இல் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிறுவனம் திறக்கப்பட்டது. படுக்கைகள் 12. அவருடைய மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அங்கே கண்ட மார்பகப் புற்றுநோயாளிகளுள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின் வந்தவர்கள். மார்பகத்தை முழுதாக அகற்றுவதே அக்காலப் பாடநூல்களின் முதல் விடை. இப்பெண்களுக்கு அது மட்டும் போதவில்லை. மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே அறுவை செய்யும் முறையை அடையாறு பல பத்தாண்டுகள் கைக்கொண்டது. 1990 முதல் 1999 வரை அவ்வாறு சிகிச்சை பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் முடிவுகள் 2008இல் வெளியாயின. தாமதித்து வந்தவரைக் கடிந்துகொள்ளாமல் அவர் வந்த நிலையையே ஆய்வுப் பொருளாக்கியதை அந்நிறுவனத்தின் பெரும் பங்களிப்பாகக் கருதுகிறேன்.

அமெரிக்காவில் நோயாளியே வாதாடினார். திசுச் சோதனைக்கென மயக்கமருந்து பெற்ற பெண், கண் விழிக்கையில் மார்பகத்தை இழந்திருப்பது அங்கே வழக்கமாயிருந்தது. 1974இல் நோய் கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் அதை ஏற்க மறுத்தார். சோதனையையும் அறுவையையும் பிரித்தே செய்யவேண்டும் என 1979இல் பரிந்துரைத்த குழுவில் அவரும் இருந்தார். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு 1985இல் காட்டியது. (மருத்துவ இதழ்களைப் படித்து வாதாட நம் பாட்டிமார்க்கு வாய்ப்பேது!)

அவர்களைத் தேடிச் சென்றது மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. 1998இல் தொடங்கிய அதில் 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, ஐம்பதும் அதற்கு மேலும் வயதுடையோரில் இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது; இளையோரில் அப்பயன் தென்படவில்லை.

பாட்டிக்கு அப்போது வயது 61. ஒரு பெண் வீட்டுக்கே வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று அம்மா இன்றும் சொல்கிறார். தாமதத்தின் காரணத்தை நோயாளியின் சொல்லிலேயே பதிந்த பழைய மருத்துவக் கோப்புகளை எவரேனும் கண்டிருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.