பழைய காரில் பெட்ரோல் பம்ப்: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. அல்லது சமதரையில் ஒழுங்காக ஓடும் கார், மேட்டில் ஏறும்போது மட்டும் இழுவையில்லாமல் திணறுகிறது. இருபது, முப்பது ஆண்டுப் பழைய காரை இந்நிலையில் பட்டறைக்குக் கொண்டு போனால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் "பெட்ரோல் பம்ப் போயிருக்கும்" என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பம்புக்கு மின்சாரம் கொண்டு வரும் ரிலே, துருப்பிடித்த ஓர் ஒயர், ஆண்டுக்கணக்கில் மாற்றாத பில்டர் ஆகியவையும் இதே அறிகுறிகளைத்தான் காட்டும். பம்பை மாற்றிய மறுநாளே கார் அதே இடத்தில் நின்றுவிட்ட கதைகள் குறைவில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக அந்த ஒரு கார்தான் என்றிருக்கும் குடும்பத்திற்கு, இதில் பணத்தோடு நாளும் வீணாகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, காரில் இருப்பது எந்த வகைப் பம்ப் என்பது. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா கார்புரேட்டர் வண்டி. அதன் பம்புக்கு மின்சாரம் தேவையில்லை. என்ஜினின் மேல்பகுதியில் பக்கவாட்டில் பொருத்தப்பட்டு, கேம் ஷாப்ட் சுற்றும்போது ஒரு நெம்புகோலால் இயங்குகிறது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு ஏறி இறங்கி, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளும். இன்ஜெக்ஷன் கார்களிலோ பம்ப் மின்சார மோட்டார்; பெரும்பாலும் டேங்கிற்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும். 1993இல் வந்த வீராவில் இரண்டு வகையும் உண்டு: ஆரம்பகால 1.3, 1.5 வண்டிகளில் கார்புரேட்டர், 1.6இல் இன்ஜெக்ஷன். அதனால் கடையில் "வீரா பம்ப்" என்று மட்டும் கேட்டால் போதாது. அழுத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. கார்புரேட்டர் பம்ப் ஏறத்தாழ 3 முதல் 6 பி.எஸ்.ஐ. தரும், இன்ஜெக்ஷனுக்கு 40 பி.எஸ்.ஐ.க்கு மேலும் கீழுமாகத் தேவைப்படும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று உதவாது.

கார்புரேட்டர் வண்டியில்

சாகா போன்ற வண்டியில் சோதனை எளிது, ஆனால் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால் பொறி வராது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை அங்கே கழற்றி, அதன் முனையை என்ஜினைவிட்டுத் தள்ளி ஒரு போத்தலுக்குள் விட்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுற்றச் சொல்ல வேண்டும். பெட்ரோல் விட்டு விட்டு, வலுவாகப் பீய்ச்சினால் பம்ப் நன்றாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக வந்தால் அல்லது வரவே இல்லையென்றால், உடனே பம்பைக் குறை சொல்லாமல் டேங்கிலிருந்து வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்பு விட்ட பழைய ஹோஸ் காற்றை இழுக்கும். காற்றை இழுக்கும் பம்ப் பெட்ரோலை இழுக்காது. பில்டர் அடைத்திருந்தாலும் இதே நிலைதான். டேங்க் மூடியில் காற்று புகும் வழி அடைபட்டிருந்தால், மூடியைத் திறந்தவுடன் ஒரு "புஸ்" சத்தத்தோடு கார் சரியாகிவிடுவதும் உண்டு.

இந்த வகைப் பம்பில் கவனிக்காமல் விடக்கூடாத ஆபத்து ஒன்று இருக்கிறது. ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வெளியே மட்டும் கசிவதில்லை. உள்ளே என்ஜின் எண்ணெயோடும் கலக்கும். நம் ஊரில் பெட்ரோலும் எண்ணெய்தான், கடையில் "மினியா ஹீத்தாம்" என்று கேட்டு வாங்குவதும் எண்ணெய்தான் என்பதால், இங்கே சொல்வது இரண்டாவதை. அளவுக்குச்சியை உருவிப் பார்த்தால் எண்ணெய் அளவு வழக்கத்தைவிட ஏறியிருக்கும், தண்ணீர் போல் ஓடும், பெட்ரோல் வாடை அடிக்கும். எண்ணெய் குறையவில்லையே, கூடியிருக்கிறதே என்று மகிழ்ந்து ஓட்டியவர்கள் பிறகு என்ஜினையே இழந்திருக்கிறார்கள். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்குகளைக் காப்பாற்றாது. உள்ளே நிறையும் ஆவி தீப்பற்றவும் கூடும். இந்த அறிகுறி தெரிந்தால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக்கூடாது. பம்பை மாற்றி, என்ஜின் எண்ணெயையும் அதன் பில்டரையும் மாற்றிய பிறகே மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

மாற்றும் வேலை இரண்டு திருகாணிகள்தான். ஆனால் பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே தடித்த ஒரு பலகை போன்ற துண்டு இருக்கும். அது வெறும் இடைவெளி நிரப்பி அல்ல. என்ஜின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பதும், நெம்புகோல் சரியான அளவில் நீட்டி நிற்க உதவுவதும் அதுதான். அதைப் பழைய கேஸ்கெட் என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய பம்பை நேரடியாகப் பொருத்தினால் நெம்புகோல் அளவுக்கு மேல் அழுத்தப்பட்டு உடையும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்து, அத்துண்டின் இரு பக்கமும் புதிய கேஸ்கெட் வைக்க வேண்டும். திருகாணிகளை முடுக்கும்போது பம்ப் கடுமையாக எதிர்த்துத் தள்ளினால் வலுக்கட்டாயம் செய்யாமல், என்ஜினைக் கையால் சற்றுத் திருப்பிக் கேமின் தாழ்ந்த பக்கம் வரச் செய்தால் எளிதாக உட்காரும். சில பம்புகளில் மூன்றாவதாக ஒரு ஹோஸ், மிஞ்சும் பெட்ரோலை டேங்கிற்குத் திருப்பி அனுப்ப இருக்கும். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது பிறகு தலைவலியைக் குறைக்கும்.

கடும் வெயிலில் நெரிசலில் நின்று நின்று போன கார் அணைந்து, அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறதென்றால் அது பம்ப் பழுதாக இல்லாமலும் இருக்கலாம். ஹோஸில் பெட்ரோல் சூடேறி ஆவியாகி, பம்பால் தள்ள முடியாத நிலை அது. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டு ஆற விடுவது பழைய ஓட்டுநர்களின் வழக்கம், பலன் தரும். பச்சைத் தண்ணீரைச் சூடான என்ஜின் மேல் ஊற்றுவது வேறு விஷயம். அதனால் இரும்பு வெடிக்கலாம்.

இன்ஜெக்ஷன் வண்டியில்

இங்கே முதல் கருவி காதுதான். வானொலி, குளிர்சாதனம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒருவர் சாவியை ஸ்டார்ட் செய்யாமல் "ஆன்" வரை திருப்ப, மற்றவர் பெட்ரோல் மூடியைத் திறந்து காது கொடுக்க வேண்டும். நல்ல நிலையில் இரண்டு விநாடி "ங்ஙீ" என்ற ரீங்காரம் கேட்கும். சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டுமே கேட்கும் என்பதால் அப்போதும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சத்தமே இல்லையென்றால் பம்ப் செத்துவிட்டது என்று பொருளல்ல. பம்புக்கு மின்சாரம் போகவில்லை என்பதாகவும் இருக்கலாம். முதலில் பியூஸ். பிறகு, இந்நாட்டுப் பழைய கார்களுக்கே உரிய ஒரு விஷயம்: திருட்டுக்குப் பயந்து முந்தைய உரிமையாளர்கள் பம்ப் ஒயரின் நடுவே ரகசிய சுவிட்சோ, வெளிச்சந்தை அலாரமோ மாட்டியிருப்பார்கள். கைமாறி வந்த வண்டியில் அப்படி ஒன்று இருப்பதே இப்போதைய உரிமையாளருக்குத் தெரியாது. டேஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஒயர் இணைப்புகள் தெரிந்தால் அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.

அடுத்தது ரிலே. 1980, 90களின் ஹோண்டா கார்களில் பம்பை இயக்கும் முதன்மை ரிலேயின் உள்ளே ஈயப் பற்று வெடித்துவிடுவது உலகம் முழுவதும் பேர் போன கோளாறு. காலையில் ஸ்டார்ட் ஆகும் கார், வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். ரிலேயை மாற்றினாலோ பற்றை மீண்டும் வைத்தாலோ தீரும் இந்தக் கோளாறுக்காக எத்தனை நல்ல பம்புகள் கழற்றப்பட்டனவோ!

இவை சரியென்றால், பின் இருக்கைக்கு அடியில் அல்லது டேங்க் அருகில் இருக்கும் பம்ப் பிளக்கைக் கழற்றி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். டேங்க் மூடியிருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை இது. பேட்டரியில் இருப்பதற்கு நெருக்கமான மின்னழுத்தம் அங்கேயும் வந்து, எர்த் ஒயரும் நன்றாக இருந்து, பம்ப் அசையவில்லை என்றால்தான் பம்ப் மேல் பழி போட முடியும். மின்சாரம் வரவில்லையென்றால் புதிய பம்பும் அதே போல் சும்மாதான் கிடக்கும். ஸ்பார்க் பிளக்கில் பொறியும் இல்லை, பம்பும் ஓடவில்லை என்று இரண்டும் சேர்ந்து இருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். பல இன்ஜெக்ஷன் கார்களில் என்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சாரிலிருந்து தகவல் வராவிட்டால் கணினி இரண்டையுமே நிறுத்தி வைக்கும்.

வழியில் நின்றுபோன காரில், ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலாலோ செருப்பாலோ தட்டினால் சில நேரம் பம்ப் ஓடத் தொடங்கும். மோட்டாரின் கார்பன் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். வீடு வந்து சேரலாம். ஆனால் அதை நம்பி மறுநாள் கேமரன் மலை ஏறக்கூடாது.

பம்ப் ஓடுகிறது, ஆனால் வண்டிக்கு வலுவில்லை என்றால் அழுத்தமானி இல்லாமல் முடிவு சொல்வது ஊகம்தான். பட்டறையில் மானியை மாட்டி என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் மெல்லிய வேக்கம் ஹோஸைக் கழற்றினால் அழுத்தம் சற்று ஏற வேண்டும். அந்த ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருந்தால் கெட்டது ரெகுலேட்டர், பம்பல்ல. என்ஜினை அணைத்தவுடன் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், பம்பின் உள்ளிருக்கும் வால்வோ, ரெகுலேட்டரோ, கசியும் இன்ஜெக்டரோ காரணம். காலையில் நெடுநேரம் ஸ்டார்ட்டரைச் சுற்ற வைப்பதும் இதுவே. மாற்றிய நினைவே இல்லாத பில்டர் இருந்தால், பம்பைத் தொடும் முன் அதை மாற்றிவிடுவது மலிவான சோதனை.

டேங்கைத் திறக்கும்போது

பல செடான்களில் பின் இருக்கையைத் தூக்கினால் ஒரு வட்ட மூடி இருக்கும். அப்படி இல்லாமல் டேங்கையே இறக்க வேண்டிய வண்டியை வீட்டில் வைத்துச் செய்யாமல் பட்டறைக்கு விடுவதே நல்லது. கனமான டேங்கும் அசையும் பெட்ரோலும் ஜாக்கின் மேல் விளையாடும் பொருட்களல்ல.

வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். வீட்டு முன்கூடத்தில் சாமி விளக்கு எரியும்போதோ, பக்கத்தில் கேஸ் அடுப்பு இருக்கும்போதோ கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய்த் தீயைத் தேடிக்கொள்ளும். தூள் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருப்பது நல்லது. பம்ப் பியூஸை எடுத்துவிட்டு என்ஜினை ஓட விட்டால் அது தானே அணையும். அப்போது குழாயில் இருந்த அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். ஹோஸைத் துணியால் சுற்றிக்கொண்டே கழற்றினால், மிச்ச அழுத்தம் முகத்தில் பீய்ச்சாது.

மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து எடுக்க வேண்டும். செம்மண் பாதையில் ஓடிய வண்டியில் அங்கே ஒரு சிறு வயலே இருக்கும். அத்தனையும் டேங்கிற்குள் விழுந்தால் புதிய பம்பின் ஆயுள் அன்றே குறையத் தொடங்கும். பம்பைத் தூக்கும்போது பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையை வளைத்துவிடாமல் சாய்த்து எடுக்க வேண்டும். டேங்கின் அடியில் துருத்தூள் தெரிந்தால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் புதிய பம்பை இறக்குவது வீண் செலவு.

பம்பின் அடியில் இருக்கும் வலை வடிகட்டியும், மூடியின் ரப்பர் வளையமும் புதியதாக இருக்க வேண்டும். பம்பிலிருந்து மேலே போகும் சிறு ஹோஸ் மாற்ற வேண்டியிருந்தால், பெட்ரோலில் மூழ்கியிருக்கவென்றே செய்யப்பட்டதை, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்ற தரக்குறி உள்ளதை வாங்க வேண்டும். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே மட்டும் பெட்ரோலைத் தாங்கும்; வெளியேயும் நனைந்தால் சில மாதங்களில் ஊறி வழுக்கிவிடும். அப்போது பம்ப் நன்றாக இருந்தும் அழுத்தம் டேங்கிற்குள்ளேயே வீணாகும். டேங்கிற்குள் இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் அதே கதைதான். பெட்ரோலில் பசை கரைந்து, பில்டரில் போய்ச் சேரும்.

ஹாஃப் கட் கடையில் பழைய பம்ப் மலிவாகக் கிடைக்கும். கதவு, விளக்கு போன்றவற்றுக்கு அந்தக் கடைகள் வரப்பிரசாதம். எவ்வளவு ஓடியது என்றே தெரியாத மின்சாரப் பம்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. மீண்டும் டேங்கைத் திறக்கும் கூலியையும் சேர்த்தால் அந்த மலிவு மறைந்துவிடும். பட்டறையில் வேலையை விடுபவர்கள் மூன்றைக் கேட்டு வாங்கலாம்: மாற்றும் முன்னும் பின்னும் அழுத்தமானி காட்டிய அளவு, கழற்றிய பழைய பம்ப், புதிய பம்பின் பெட்டியோடு ரசீது. நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் பூட்டிய பின் உடனே ஸ்டார்ட் செய்யாமல், சாவியை நான்கைந்து முறை "ஆன்" செய்து அணைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கையைப் பூட்டுவது அதற்குப் பிறகுதான். மறுநாள் காலை காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, அந்நிலையில் ஓட்டக்கூடாது. கையில் இருப்பதற்கேற்பப் பத்து வெள்ளி பத்து வெள்ளியாக எண்ணெய் போட்டு, எச்சரிக்கை விளக்கு எரிய எரியவே ஓட்டும் வழக்கம் பலருக்கு உண்டு. டேங்கிற்குள் இருக்கும் மின்சாரப் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். அதே பத்து வெள்ளியை டேங்க் காலியாகும் வரை காத்திராமல், முள் கால் பங்குக்கு இறங்கும்போதே போட்டால், மாதச் செலவு ஒரு காசும் கூடாது, பம்பும் சூடேறாது.