காவல் வலையும் மீன்வலையும்: சோமாலியக் கடற்கொள்ளைத் தடுப்பில் பொறுப்பின் இடம்

சோமாலியக் கடற்கொள்ளையைப் போர்க்கப்பல்கள் ஒடுக்கின என்பது பரவலான எண்ணம். பன்னாட்டுக் கடல்சார் பணியகத்தின் கணக்குப்படி 2011இல் 237ஆக இருந்த தாக்குதல்கள் 2013இல் 15ஆகக் குறைந்தன. இந்த வீழ்ச்சி எந்த ஓர் அரசின் கைவண்ணமும் அன்று. அரசுகளும் காப்பீட்டாளர்களும் கப்பல் உரிமையாளர்களும் ஆயுதக் காவலர்களும் பின்னிய வலையமைப்பின் விளைவு அது. அந்த வலையமைப்பு கப்பல்களுக்குப் பாதுகாப்பைத் தந்தது. ஆனால் தான் வரைந்த கோடுகளுக்கும் தான் ஏந்திய துப்பாக்கிகளுக்கும் யார் பொறுப்பு என்பதைத் தீர்க்காமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலையின் கண்ணிகள்

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1851ஆம் தீர்மானத்தையடுத்து, 2009 ஜனவரியில் சோமாலியக் கடற்கொள்ளைத் தொடர்புக் குழு உருவானது. அதற்கு ஒப்பந்தமும் இல்லை, நிரந்தரச் செயலகமும் இல்லை. அரசுகளோடு கப்பல் தொழில் அமைப்புகளும் ஒரே மேசையில் அமர்ந்தன. பஹ்ரைனில் நடந்த ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் ஐரோப்பிய ஒன்றியம், நேட்டோ படைகளோடு இந்திய, சீனக் கடற்படைகளும் தகவல் பகிர்ந்தன. எந்தக் கடற்பகுதி ஆபத்தானது என்று லண்டன் காப்பீட்டுச் சந்தையின் போர் அபாயக் குழு பட்டியலிட, கட்டணம் அதற்கேற்ப ஏறியது. கப்பலின் வேகம், முள்கம்பி வேலி, பதுங்கறை ஆகியவற்றுக்கான நடைமுறைகளைத் தொழில் அமைப்புகளே வகுத்தன.

முறையான வன்முறைக்குத் தனியுரிமை கோருவதே அரசின் அடையாளம் என்றார் மாக்ஸ் வேபர். அந்த உரிமை இங்கே பலரிடம் பகிரப்பட்டது. இத்தகைய வலையமைப்புகள் பேச்சின் வழியே புதிய நெறிகளை உருவாக்குகின்றன என்று அரசியல் அறிஞர் டெபோரா அவாந்த் வாதிடுகிறார். 2010இல் ஜெனீவாவில் 58 தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒப்பமிட்ட நடத்தை விதித்தொகுப்பு அதற்குச் சான்று. ஆனால் பேச்சில் யார் அமர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே நெறியின் எல்லை அமைகிறது.

கோட்டுக்குள் வந்த மீனவர்கள்

2010இல் 'உயர் ஆபத்துப் பகுதி' 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை வரை நீட்டப்பட்டது. கேரளக் கரையும் குமரிமுனை வரையான மீன்பிடிக் கடலும் அதற்குள் விழுந்தன. அந்தக் கடலை நம்பி வாழும் மீனவர்கள் கோடு வரைந்த மேசையில் இல்லை. 2012 பிப்ரவரி 15 அன்று, 'என்ரிக்கா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து பாய்ந்த குண்டுகளுக்கு இரு இந்திய மீனவர்கள் பலியானார்கள். ஒருவர் கொல்லத்தைச் சேர்ந்தவர், மற்றவர் குமரி மாவட்டத்தவர்.

சுட்டவர்கள் இத்தாலியக் கடற்படை வீரர்கள். தனியார் கப்பலைக் காக்க, அதன் உரிமையாளர் செலவில் ஏறியவர்கள். தனியார் நிறுவனங்களுக்கான ஜெனீவா விதித்தொகுப்பு அரசு வீரர்களைக் கட்டுப்படுத்தாது. அரசு வீரர்கள் என்பதாலேயே 2020இல் நடுவர் தீர்ப்பாயம் அவர்களுக்கு இந்திய நீதிமன்றங்களிலிருந்து விலக்குரிமை வழங்கியது. இத்தாலி இழப்பீடாக 10 கோடி ரூபாய் செலுத்தியதும் 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது; 2022இல் ரோம் நீதிமன்றமும் விசாரணையைக் கைவிட்டது. பணிக்கும் செலவுக்கும் தனியார் முகம், குற்றம் என்று வந்ததும் அரசு முகம்: பொறுப்பு நழுவியது இந்த இடைவெளியில்தான்.

2013இல் தூத்துக்குடி அருகே பிடிபட்ட 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பல் இதே இடைவெளியின் மறுபக்கம். அமெரிக்க நிறுவனம், சியரா லியோன் கொடி, பல நாட்டு ஆயுதக் காவலர்கள். கீழமை நீதிமன்றம் விதித்த ஐந்தாண்டுத் தண்டனையை 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீக்கியது. அதுவரை அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். இங்கே இழப்பு காவலர்களுக்கே.

முடிவுரை

வலையமைப்பு ஆட்சியைக் கைவிடு என்பது தீர்வாகாது. அது இல்லாமல் ஏடன் வளைகுடா அமைதி கண்டிருக்காது. ஆபத்துக் கோடு வரைவோர் அக்கோட்டுக்குள் வாழ்வோரைக் கேட்க வேண்டும். துப்பாக்கி ஏந்துவோர் எந்த நீதிமன்றத்துக்குப் பதில் சொல்வார்கள் என்பது கப்பல் புறப்படுமுன் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியாவின் எதிர்ப்புக்குப் பின் 2015 டிசம்பரில் அக்கோடு 65 பாகைக்குப் பின்வாங்கியது. அப்போது அந்த இரு மீனவர்கள் இறந்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.