இரண்டாம் வருஷப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்?



மலர்க்குழுவினர் "ஏதாவது சரித்திரம் எழுதுப்பா" என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்டர்ன்ஷிப் சரித்திரம்தான்.

எம்.ஐ.டி.யில் வேதியியல் படித்த ஆர்தர் டி. லிட்டில், 1886-ல் ரோஜர் கிரிஃபின் என்பவரோடு சேர்ந்து பாஸ்டனில் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார். ஆலைக்காரர்களின் சிக்கலை ஆராய்ந்து யோசனை சொல்வதுதான் பிழைப்பு. உலகின் முதல் கன்சல்டிங் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. பன்றிக் காதிலிருந்து பட்டுப்பை தைக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. 1921-ல் இவருடைய நிறுவனம் அதையும் நிஜமாகவே செய்து காட்டிவிட்டது!

மாணவர்களைத் தொழிற்சாலைக்குள் விட்டது இன்னொரு கதை. 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 மாணவர்களை வைத்து, ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை என்று ஆரம்பித்தார். 1916-ல் எம்.ஐ.டி.யில் 'பிராக்டிஸ் ஸ்கூல்' வந்தது. அதைத் தொடங்கியவர் வில்லியம் வாக்கர். கூடவே நம்ம லிட்டிலும். பிலானி பிட்ஸ் 1960-களில் எம்.ஐ.டி.யின் உதவி பெற்ற நிறுவனம். 1973-ல் அங்கேயும் பிராக்டிஸ் ஸ்கூல் தொடங்கியது. இரண்டாம் வருஷம் முடிந்த கோடையிலேயே பையன்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

நான் படித்தபோது நமக்கு அந்த ஏற்பாடு கிடையாது. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தபின் எனர்ஜி ஆடிட் கன்சல்டன்டுகள் பெருகியிருந்தார்கள். பதினான்கு பேருக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது மூன்று. மூன்றுமே "ஃபைனல் இயர்ல வாங்க" என்றன. ஓரிடத்தில் காலை முதல் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஹாஸ்டல் வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

ஆண்டுவிழாவுக்கு வந்திருந்த ஒரு சீனியர் அண்ணன்தான் கேட்டார்: "உன் ரெஸ்யூமேல மார்க்கைத் தவிர என்ன இருக்கு தம்பி? ஹாஸ்டல் தண்ணி மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு தெரியுமா? அளந்து எழுது."

லேபில் கிளாம்ப் மீட்டர் கேட்டு வாங்கி, எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு ஒரு வாரம் அளந்தேன். தொட்டி நிரம்பி வழியும்போதும் மோட்டார் ஓடுகிற நேரத்தைக் கூட்டி, இரண்டு பக்கம் எழுதினேன். அதோடு அனுப்பிய அடுத்த கடிதத்துக்கு, "திங்கட்கிழமை வா" என்று பதில்.

முதல் வேலை கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. ஞாயிறன்று மெஷினெல்லாம் நின்றிருக்க, கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் லோடு, ஆறு நிமிஷம் அன்லோடு. அதாவது கம்ப்ரஸர் தருகிற காற்றில் கால்வாசி ஒழுக்கிலேயே போகிறது. முதலாளி என் கணக்கை இரண்டு தடவை பார்த்துவிட்டு, அன்றைக்கே ஃபிட்டரைக் கூப்பிட்டார். பொறியாளன் என்று என்னை நானே நம்பிய நாள் அது.

தம்பி தங்கைகளே, மார்க் ஷீட்டோடு இரண்டு பக்கம் சொந்த வேலையையும் சேர்த்து அனுப்புங்கள். அண்ணன்மார்களே, உங்கள் மேசைக்கு இரண்டாம் வருஷப் பிள்ளையின் கடிதம் வந்தால், தயவுசெய்து பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.