பார்ட்டோகிராஃப்: பிரசவ அறைத் தாள் ஒன்றின் வரலாறு (1954–2023)

முன்னுரை

பிரசவ வலி கண்ட பெண்ணை யார் கவனிக்கிறார், எதைக் கவனிக்கிறார், கவனித்ததை வைத்து அவர் என்ன செய்யலாம்? பேறுகாலச் செவிலியப் பணியின் வரலாறு இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. முதலிரண்டு கேள்விகளைப் பற்றி மருத்துவ நூல்கள் நிறையப் பேசுகின்றன. மூன்றாவதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிரசவ அறைகளில் செவிலியர் நிரப்பும் ‘பார்ட்டோகிராஃப்’ என்ற ஒற்றைத் தாளின் எழுபதாண்டு வளர்ச்சியை ஆராய்ந்து, அந்த மூன்றாவது கேள்விக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

வலிக்கு ஒரு வளைகோடு

1950களின் தொடக்கம் வரை பிரசவத்தின் போக்கை அளக்கப் பொதுவான முறை ஏதும் இல்லை. வலி எடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதும், கவனிப்பவரின் அனுபவமுமே அளவுகோல்களாக இருந்தன. நியூயார்க்கில் பணியாற்றிய இமானுவேல் ஃபிரீட்மன் 1954இல் நூறு தலைச்சன் பிரசவங்களை ஆராய்ந்தார். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் கர்ப்பப்பை வாய் விரிவதைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்தபோது, புள்ளிகள் ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல வளைந்தன. முதலில் மெதுவாகத் திறக்கும் கட்டம், பிறகு வேகமாக விரியும் கட்டம் என்று பிரசவம் இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. மறு ஆண்டில் 500 பெண்களைக் கொண்டு இதே ஆய்வை விரிவாக்கினார். வேகமான கட்டத்தில் தலைச்சன் பிரசவம் மணிக்கு 1.2 செ.மீ.க்குக் குறையாமல் முன்னேற வேண்டும் என்ற கணக்கு அவரிடமிருந்தே வந்தது.

ஆனால் ஃபிரீட்மனின் வளைகோடு மருத்துவரின் கருவியாகவே இருந்தது. பிரசவம் இயல்பாகப் போகிறதா என்பதை அது காட்டியது. இயல்பு தவறினால் யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்லவில்லை.

இரண்டு கோடுகள் வந்த கதை

அந்த இடைவெளியை நிரப்பியது ஆப்பிரிக்கா. அன்றைய ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) தலைநகர் சாலிஸ்பரியில் பணியாற்றிய ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் 1972இல் 624 தலைச்சன் பிரசவங்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். அங்கே பெரும்பாலான பிரசவங்களைப் பார்த்தவர்கள் வெளிநிலையங்களில் இருந்த மருத்துவச்சிகள். மருத்துவர் இருப்பதோ தொலைவில். குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி, மணிக்கணக்கில் வலி தின்று, கடைசி நேரத்தில் வண்டியேற்றப்படும் பெண்கள் ஏராளம். கர்ப்பப்பை கிழிவதும், பிழைத்தாலும் சிறுநீர் ஓயாமல் கசியும் ஃபிஸ்டுலா நோயோடு வாழ்நாளைக் கழிப்பதும் அதன் விளைவுகள்.

ஆகவே அவர்கள் வரைபடத்தில் இரண்டு நேர்க்கோடுகளை வரைந்தனர். மிக மெதுவாக முன்னேறும் பத்து சதவீதப் பெண்களின் வேகத்தை, அதாவது மணிக்கு ஒரு செ.மீ. என்பதை, அடிப்படையாகக் கொண்டது முதல் கோடு: எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் இணையாக ஓடியது இரண்டாவது: செயல் கோடு. முதல் கோட்டைத் தாண்டினால் மருத்துவச்சி அந்தப் பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவதைத் தொடுமுன் அவள் அங்கே போய்ச் சேர்ந்து, சிகிச்சைக்கு ஆயத்தமாகிவிட வேண்டும். இடையிலிருக்கும் நான்கு மணி நேரம் பயணத்துக்கான அவகாசம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு காத்திராமல் தானே முடிவெடுக்கும் உரிமையை எச்சரிக்கைக் கோடு மருத்துவச்சிக்குத் தந்தது. இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுதான்.

தாளில் என்ன இருக்கிறது?

1987இல் நைரோபியில் பாதுகாப்பான தாய்மை இயக்கம் தொடங்கியதைத் தொடர்ந்து, உலக சுகாதார நிறுவனம் தனக்கென ஒரு பார்ட்டோகிராஃபை வகுத்தது. 2000இல் அதைத் திருத்தி, மெதுவான கட்டத்தை நீக்கி, 4 செ.மீ.யிலிருந்து பதிவைத் தொடங்கச் சொன்னது. தாளின் மேற்பகுதியில் சிசுவின் இதயத் துடிப்பு அரை மணிக்கு ஒருமுறை ஏறுகிறது. அதன் கீழே பனிக்குட நீரின் நிறமும், மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவும் இடம் பெறுகின்றன. நடுவில் கர்ப்பப்பை வாயின் விரிவும் தலை இறங்குவதும் வருகின்றன. பத்து நிமிடத்தில் எத்தனை வலி வந்தது என்பதைக் கட்டங்களின் எண்ணிக்கை சொல்லும். ஒவ்வொரு வலியும் எத்தனை விநாடி நீடித்தது என்பதைக் கட்டத்துக்குள் இடும் புள்ளியும் கோடும் முழு நிரப்பலும் சொல்லும். அடியில் தாயின் நாடி, பி.பி., காய்ச்சல், சிறுநீர்.

காலை 6 மணிக்கு 4 செ.மீ. விரிவோடு ஒரு பெண் வந்தால் 10 மணிக்கு எச்சரிக்கைக் கோடு 8 செ.மீ.யில் நிற்கும். அவளுக்கு 5 செ.மீ.தான் என்றால் கோட்டுக்கு வலப்புறம் விலகிவிட்டாள். பிற்பகல் 2 மணிக்கும் 6 செ.மீ.யைத் தாண்டவில்லை என்றால் செயல் கோட்டையும் கடந்துவிட்டாள். பணி மாறி வரும் அடுத்த செவிலியருக்கு இதை வாய்விட்டு விளக்கவே வேண்டாம். தாளைப் பார்த்தாலே போதும்.

இந்தத் தாளின் முந்தைய வடிவத்தைச் சோதித்து, இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் 35,484 பெண்களிடம் நடந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு 1994இல் வெளியானது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியை வலுப்படுத்த மருந்து ஏற்றுவது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆக இறங்கியது.

கோட்டின் மீதே எழுந்த ஐயம்

பின்னர் அந்த ஒரு செ.மீ. கணக்கே கேள்விக்குள்ளானது. அமெரிக்காவில் 62,415 பெண்களின் பதிவுகளை அலசிய ஜாங் குழுவினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, பலருக்கு 6 செ.மீ. வரை விரிவு மெதுவாகவே நடக்கிறது என்று காட்டியது. மெதுவாகப் போகும் ஆரோக்கியமான பெண்ணையும் கோடு தவறியவளாக எண்ணித் தேவையற்ற சிசேரியனுக்கு அனுப்பும் அபாயம் புரிந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் வேகமான கட்டத்தின் தொடக்கத்தை 5 செ.மீ.க்கு மாற்றியது. 2020 டிசம்பரில் வந்த ‘பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி’யில் சாய்ந்த கோடுகள் இரண்டும் இல்லை. 5 செ.மீ.யில் ஆறு மணி நேரம், 6 செ.மீ.யில் ஐந்து மணி நேரம் என்று ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் தனி வரம்பு வந்தது. உடன் துணைக்கு ஆள் இருக்கிறாரா, வலி குறைக்க வழி செய்யப்பட்டதா, தண்ணீர் குடித்தாளா, எந்த நிலையில் படுத்திருக்கிறாள் என்பனவும் முதன்முறையாகப் பதிவுக்குள் நுழைந்தன.

பிரசவத்துக்குப் பிந்தைய கோடு

குழந்தை பிறந்ததும் பார்ட்டோகிராஃப் முடிந்துவிடுகிறது. ஆனால் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் பெருங்காரணமான உதிரப்போக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது. கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது இழப்பு குறைவாகவே தெரியும். கர்நாடகத்தின் பெல்காம் மாவட்டத்தில் துணைச் செவிலியர் 1,620 பெண்களுக்குப் பிரசவம் பார்த்த ஆய்வில் (2006), இடுப்புக்குக் கீழே விரித்து இரத்தத்தைச் சேகரிக்கும், அளவுகோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பு பயன்பட்டது. அத்தகைய விரிப்பே பின்னர் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வின் மையமாயிற்று. விரிப்பில் சேரும் இரத்தம் 500 மி.லி.யைத் தொட்டதும் கர்ப்பப்பையைப் பிசைந்துவிடுவது, அதைச் சுருக்கும் மருந்து, உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தும் ட்ரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், பரிசோதனை என எல்லாவற்றையும் ஒரே கட்டாகச் செவிலியர் தொடங்க வேண்டும். 2023இல் முடிவு வந்தது: கடும் உதிரப்போக்கும் அதன் பெருவிளைவுகளும் 4.3 சதவீதமாக இருந்த இடத்தில் 1.6 ஆயின.

முடிவுரை

பார்ட்டோகிராஃபைப் பயன்படுத்துவதாலேயே பலன் கிடைத்துவிடும் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு கூறியது. இது முரண் போலத் தோன்றும்; ஆனால் மேலே கண்ட வரலாறு அதை விளக்கிவிடுகிறது. சாலிஸ்பரியிலும் ஈ-மோட்டிவ் மருத்துவமனைகளிலும் கோட்டோடு அதிகாரமும் சேர்ந்து வந்தது. குழந்தை பிறந்த பின் ஒரே மூச்சில் நிரப்பி வைக்கும் தாளால் எந்தத் தாய்க்கும் நன்மையில்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. பெண்களைப் பிரசவ அறை வரை அழைத்து வரும் பணி நமக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. இனி அந்த அறையில் இரவுப் பணியில் நிற்கும் ஸ்டாஃப் நர்ஸுக்குப் போதிய துணையும், வரம்பு தாண்டியதும் மேல் மருத்துவமனைக்கு அனுப்பவும் மருந்தைத் தொடங்கவும் எழுத்துப்பூர்வமான அதிகாரமும் தர வேண்டும். அது கிடைக்காதவரை, எத்தனை முறை திருத்தி அச்சிட்டாலும் பார்ட்டோகிராஃப் வெறும் கோப்புத் தாளாகவே இருக்கும்.