அதிக மாசம்: சீன, யூத, தமிழ்ப் பஞ்சாங்கங்களில்

பன்னிரண்டு சாந்திர மாசங்கள் கூடிய 354 நாட்களுக்கும் சூரியனின் ஓராண்டுச் சுற்றுக்கும் இடையே எஞ்சும் ஏறத்தாழ 11 நாட்களை ஈடுசெய்யும்பொருட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை சேர்க்கப்படும் பதின்மூன்றாம் மாசம் அதிக மாசம் எனப்படும். அதனை எங்கே சேர்ப்பதென்பதில் சீனரும் யூதரும் வேறுபடுகின்றனர். தென்னாட்டுக் கணிதரோ விதியில் சீனருக்கும் எண்களில் யூதருக்கும் உறவினராய் விளங்குகின்றனர்.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் வகுத்ததாக ஐதிகம் கூறும் யூத முறையில், 19 ஆண்டுச் சக்கரத்தின் 3, 6, 8, 11, 14, 17, 19ஆம் ஆண்டுகளில் ஆதார் மாசம் இருமுறை வரும். பஸ்கா பண்டிகை வசந்த ருதுவை விட்டு வழுவாதிருக்க இதுவே போதும். வானத்தை நிமிர்ந்து பார்க்கும் அவசியமே இல்லை.

சீனரும் பழங்காலத்தில் 19 ஆண்டுச் சக்கரத்தையே கையாண்டு, 5ஆம் நூற்றாண்டில் ட்ஸூ சோங்ஜி 391 ஆண்டுகளுக்கு 144 அதிக மாசங்கள் என்று திருத்தம் கூறுமளவுக்கு நுட்பம் பெற்றனர். ஆயினும், சூரியன் 30 பாகைக்கொன்றாக அமைந்த பன்னிரண்டு நிலைகளுள் எதிலும் புகாத மாசமே அதிகம் என்னும் விதி, கி.மு. 104இன் தைச்சூ பஞ்சாங்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. 1645இல் ஆடம் ஷால் என்ற ஜெசூயிட் பாதிரியார் முன்னின்று செய்த சீர்திருத்தத்தில், சூரியனின் சராசரி கதிக்குப் பதிலாக மெய்க்கதி கொள்ளப்பட்டது.

சங்கிராந்தி இல்லாத சாந்திர மாசம் அதிகம் என்னும் நம்மவர் கொள்கையும் இதுவே. சீனர் அதற்கு முந்திய மாசத்தின் பெயரையும் நாம் பிந்தியதன் பெயரையும் இடுவது அற்ப வேற்றுமை. ராசிகளை அவர்கள் அயனத்திலிருந்தும் நாம் நட்சத்திரங்களிலிருந்தும் எண்ணுவதால் நேரும் 24 பாகை இடைவெளியே பெரியது. அதனாலேயே 2023இல் சீனருக்கு இரண்டாம் மாசம் மார்ச்சு, ஏப்ரலில் இரட்டிக்க, நமக்கு அதிக சிராவணம் ஜூலை 18இல் தொடங்கிற்று. யூதரின் முதல் ஆதாரோ 2024 பிப்ரவரியில் வந்தது. சௌரமாசம் பேணும் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அந்த அதிக சிராவணம், ஆடி முதல் தேதியும் 31ஆம் தேதியும் அமாவாசையாகிய மல மாசமாகத் தோன்றி, எந்த அமாவாசையில் தர்ப்பணம் செய்வதென்ற விவாதத்தைக் கிளப்பியது. சௌரத்துள் சாந்திரம் இவ்வாறு ஒளிந்திருப்பதால், அபிஷேகப்பாக்கத்தை அடுத்த சிங்கிரிகுடியின் பதினாறு கர நரசிம்மருக்குரிய ஜயந்தியாகிய வைசாக சுக்ல சதுர்த்தசி ஓராண்டு சித்திரையிலும் மற்றோராண்டு வைகாசியிலும் வருவது இயல்பு.

எண்களின் உறவு இன்னும் விசித்திரமானது. யூதர் கொண்ட மாச அளவு, 29 நாள் 12 மணி, மணியை 1080 கூறாக்கியதில் 793 கூறு, பாபிலோனியருடையதேயாம். நம் வாக்கியக் கணிதர் சந்திரனுக்குக் கொண்ட 248 நாள் சக்கரமும் ஆப்பெழுத்து ஏடுகளில் காணப்படுகிறது; அதனோடிணைந்த 3031 நாள் சக்கரம் கிரேக்கப் பாப்பிரஸ் ஒன்றில் உள்ளது. இச்சக்கரங்கள் உயிருடன் வழங்கியதற்குச் சான்று, ஜான் வாரன் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம். புதுவையில் ஒரு தமிழ்க் கணிதர், ஏடெதுவும் விரிக்காமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பதிந்துள்ளார். ஸ்பரிச காலத்தில் 4 நிமிஷமும் மத்திய காலத்தில் 23 நிமிஷமும் மோட்ச காலத்தில் 52 நிமிஷமும் பிழை நேர்ந்தது. ஏடின்றி மனப்பாடமாகவே செய்ததை நினைத்தால் ஸ்பரிச காலக் கணக்கின் துல்லியமே வியப்புக்குரியது. வாரனின் இக்குறிப்பைக் கொண்டே 1952இல் ஆட்டோ நாய்கபாவர் தமிழர் வானநூலின் பாபிலோனியத் தொடர்பை ஆராய்ந்தெழுதினார்.